இரண்டு கன்டெய்னர், இரண்டு சட்டம்

(பொன்விழாவை ஒட்டி நடந்த வணிகர் கலந்துரையாடலில் ஆற்றிய உரை)



மூத்த வணிகர்கள் இத்தனை பேர் இருக்கும் அவையில் சட்டத்தைப் பற்றிப் பேச எங்களை அழைத்திருக்கிறீர்கள். நாங்கள் வழக்கறிஞர்கள் அல்லர். அண்ணன் தம்பி இருவருமாக மளிகை மொத்த வியாபாரம் பார்க்கிறோம். "நாங்கள்" என்றே பேசிப் பழகிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயப் படிப்பு படித்தபோது வணிகச் சட்டம் பல பாடங்களில் ஒன்றாக வந்து போனது. அனைத்துலக வணிகச் சட்டத்தைத் தேடிப் போய்ப் படித்தது, கடைக்கு வந்து சில வருடம் கழித்துத்தான். ஏன் என்று சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்களுக்கு ஊரிலிருந்து வற்றல் மிளகாய் ஒரு கன்டெய்னர் வந்தது. அனுப்பியவர் அத்தா காலத்திலிருந்து பழக்கம், பெயர் வேண்டாம். இரு வீட்டுக் கல்யாணங்களுக்கும் பத்திரிகை போகும், வரும். கன்டெய்னரைத் திறந்தபோது மேல் அடுக்கு மூட்டைகளில் பூஞ்சை. ஏற்றும்போது காய்ந்துதான் இருந்தது, சான்றிதழ் இருக்கிறது என்றார் அவர். வந்து சேர்ந்தபோது கெட்டிருக்கிறதே என்றோம் நாங்கள். இரு பக்கமும் பொய் இல்லை. விலை பேசியது சி.ஐ.எஃப் சிங்கப்பூர். "சிங்கப்பூர் என்று போட்டிருக்கிறதே, இங்கே வரும்வரை உங்கள் பொறுப்புதானே" என்று கேட்டார் அத்தா. அதற்குப் பதில் வரவில்லை. அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகையும் வரவில்லை. பணம் போனதைவிட அத்தாவுக்கு அதுதான் வலித்தது.

சி.ஐ.எஃப் என்றால் கப்பல் கூலியும் காப்புறுதியும் விற்பவர் செலவு. ஆனால் சரக்கு சேதமடையும் ஆபத்து, ஏற்றுமதித் துறைமுகத்தில் கப்பலில் ஏறியதுமே வாங்குபவர் தலைக்கு மாறிவிடுகிறது. தூத்துக்குடியில் ஏறிய சரக்கு என்றால் தூத்துக்குடியிலேயே. பாரிஸில் இருக்கும் அனைத்துலக வர்த்தகச் சபை 1936 முதல் வெளியிட்டு வரும் இன்கோடெர்ம்ஸ் விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. இப்போது நடப்பது 2020 பதிப்பு. அதே பதிப்பின்படி, வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால், சி.ஐ.எஃப் விற்பவர் எடுத்துத் தர வேண்டியது மிகக் குறைந்த "சி" வகைக் காப்புறுதிதான். கப்பல் மூழ்கினால், தீப்பிடித்தால், மோதினால் பணம் கிடைக்கும். கன்டெய்னருக்குள் வியர்த்து மிளகாய் நனைந்தால் கிடைக்காது.

அப்படியானால் வாங்குபவருக்கு வழியே இல்லையா? இருக்கிறது. இங்கிலாந்தில் 1961-இல் ஓர் உருளைக்கிழங்கு வழக்கு. சைப்ரஸில் ஏற்றிய கிழங்கு லிவர்பூல் வந்தபோது அழுகியிருந்தது. விற்பவர் ஏற்றுகிற சரக்கு, வழக்கமான ஒரு கடற்பயணத்தைத் தாங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்றார் நீதிபதி. ஏற்றும் நிமிடத்தில் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. ஆனால் பிறகு மேல்முறையீட்டில் விற்பவரே ஜெயித்தார்: பயணத்தில் காற்றோட்டம் சரியில்லாததே காரணம், கிழங்கில் குறையில்லை என்று முடிவானது. படித்தபோது எங்கள் மிளகாயைப் பற்றியே பேசுவது போலிருந்தது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஏற்றும்போதே ஈரம் அதிகமா, வழியில் வியர்த்ததா? மாதிரி எடுத்துச் சோதித்தால் ஓரளவு தெரிந்துவிடும். இரு குடும்பமும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, குரலைத்தான் உயர்த்தினோம்.

இப்போது தலைப்புக்கு வருகிறோம். கடைக்கு ஒரே வாரத்தில் இரண்டு கன்டெய்னர் வருகிறது என்று வையுங்கள். ஒன்று இந்தியாவிலிருந்து மிளகாய், இன்னொன்று வியட்நாமிலிருந்து மிளகு. ஆர்டர் தாள் ஒரே மாதிரி, வங்கி ஒன்றே, கிளியரிங் ஏஜெண்டும் ஒருவரே. சட்டம் மட்டும் வேறு.

ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் அனைத்துலகப் பொருள் விற்பனை ஒப்பந்த உடன்படிக்கை 1980-இல் வியன்னாவில் நிறைவேறி, 1988-இல் நடப்புக்கு வந்தது. 101 விதிகள். தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. சிங்கப்பூரில் 1996 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது; வியட்நாமில் 2017 முதல். சீனா தொடக்கத்திலிருந்தே உறுப்பு நாடு. இந்தியா சேரவில்லை, மலேசியா சேரவில்லை, இங்கிலாந்தும் சேரவில்லை. விற்பவர் கடையும் வாங்குபவர் கடையும் இருவேறு உறுப்பு நாடுகளில் இருந்தால், வேண்டாம் என்று சொல்லாதவரை இந்த உடன்படிக்கை தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே வியட்நாம் மிளகுக்கு அது உண்டு. இந்திய மிளகாய்க்குக் கிடையாது. அங்கே இந்தியாவின் 1930 பொருள் விற்பனைச் சட்டமா, இங்கிலாந்திலிருந்து நமக்கு வந்த 1979 சட்டமா என்ற கேள்வியே முதல் சண்டையாகிவிடும். காஸ்வே தாண்டி ஜொகூரிலிருந்து வரும் லாரிச் சரக்குக்கும் இதே கதிதான்.

வேறுபாடு ஏட்டில் மட்டும் இருந்தால் உங்கள் நேரத்தை எடுத்திருக்க மாட்டோம். உடன்படிக்கையின்படி, சரக்கு வந்ததும் இயன்றவரை சீக்கிரம் சோதிக்க வேண்டும். குறை தெரிந்தால் நியாயமான காலத்துக்குள், என்ன குறை என்று குறிப்பாகச் சொல்லி விற்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். தக்க காரணமின்றித் தவறினால் நஷ்டஈடு கேட்கும் உரிமையும் சேர்ந்தே போகலாம். நம் உள்நாட்டுச் சட்டத்தில் தாமதித்தால் சரக்கைத் திருப்பி அனுப்பும் உரிமைதான் போகும், நஷ்டஈடு கேட்கும் வழி மிஞ்சும். அதே சமயம் உடன்படிக்கையில் வாங்குபவருக்கு ஒரு நல்ல விதி உண்டு: தரம் குறைந்த சரக்கை வைத்துக்கொண்டு, குறைந்த மதிப்புக்கு ஏற்ற விகிதத்தில் விலையைக் குறைத்துக் கொடுக்கலாம். நம் மளிகை வியாபாரத்தில் பெரியவர்கள் காலங்காலமாகச் செய்த சமரசமே அது. பல ஒப்பந்தப் படிவங்களில் இந்த உடன்படிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு விலக்கிவிடுகிறார்கள். வாங்கும் பக்கம் நிற்கும் சிறு வணிகர் அவசரப்பட்டு விலக்க வேண்டியதில்லை என்பது எங்கள் எண்ணம்.

விலக்க நினைத்தாலும் கவனம் வேண்டும். வியட்நாம் வியாபாரிக்கு "சிங்கப்பூர்ச் சட்டம் பொருந்தும்" என்று மட்டும் எழுதினால் உடன்படிக்கை விலகாது. அதுவும் சிங்கப்பூர்ச் சட்டத்தின் ஒரு பகுதிதானே. பெயரைச் சொல்லியே விலக்க வேண்டும். இந்திய வியாபாரிக்கு அதே வரியை எழுதினால் நம் 1979 சட்டம் வரும், ஏனென்றால் மறுபக்கமும் உறுப்பு நாடாக இருந்தால்தான் உடன்படிக்கை பொருந்தும் என்று சிங்கப்பூர் சேரும்போதே அறிவித்துவிட்டது. ஒரே வரி, இரண்டு விளைவு. இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு வாரம் பிடித்தது.

உணவுப் பொருள் விற்கும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு இன்னொன்று. சுவிட்சர்லாந்து விற்பனையாளர் ஒருவர் ஜெர்மானிய நிறுவனத்துக்கு நியூசிலாந்துச் சிப்பி விற்றார். சிப்பியில் கேட்மியம் ஜெர்மனி பரிந்துரைத்த அளவைவிடக் கூடுதல். வாங்கியவர் பணம் தர மறுத்தார். 1995-இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் விற்றவர் பக்கமே தீர்ப்புச் சொன்னது. வாங்குபவர் நாட்டின் விசேஷ விதிகளையெல்லாம் விற்பவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று பொதுவாக எதிர்பார்க்க முடியாது. வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இதை நம் கடைக்குப் பொருத்திப் பாருங்கள். சிங்கப்பூர் உணவு அமைப்பின் விதிகள், லேபிள், அதற்கும் மேலாக ஹலால். "நாம் முஸ்லிம் வியாபாரி, ஹலால்தான் கேட்போம் என்று அவருக்குத் தெரியாதா" என்று நினைக்கிறோம். வேறொரு நாட்டில் மசாலாக் கலவை தயாரிக்கும் முன்பின் அறியாத ஒருவருக்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை. முயிஸ் அங்கீகரித்த வெளிநாட்டு ஹலால் சான்றிதழ் அமைப்புகளின் பட்டியல் இருக்கிறது. அதில் எந்த அமைப்பின் சான்றிதழ் வேண்டும் என்று ஆர்டரிலேயே பெயர் போட்டு எழுதுங்கள். மிளகாய் என்றால், ஏற்றும்போது ஈரப்பதம் 11 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, யார் சோதிப்பது, காப்புறுதி "ஏ" வகை என்று எழுதுங்கள். "ஏ" வகையிலும் சரக்கின் சொந்தக் குறைக்குப் பணம் வராது. அதனால்தான் ஈரப்பதச் சோதனையும் வேண்டும்.

எழுதினால் நம்பிக்கை போய்விடுமே என்று பெரியவர்கள் சிலர் எங்களிடம் சொன்னதுண்டு. குர்ஆனின் மிக நீளமான வசனம், சூரா அல்பகராவின் 282-ஆவது, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. அதைவிட எடுத்துச் சொல்ல எங்களுக்குத் தகுதியில்லை.

தகராறு வந்தால் எங்கே தீர்ப்பது என்பதையும் ஒரு வரி எழுத வேண்டும். நடுவர் தீர்ப்பு 1958 நியூயார்க் உடன்படிக்கையால் இந்தியா, மலேசியா, வியட்நாம், சீனா எல்லா இடத்திலும் அமல்படுத்தக்கூடியது. ஆனால் 15,000 வெள்ளித் தகராறுக்கு நடுவர் மன்றம் போனால் செலவே அதை விழுங்கிவிடும். முதலில் சமரசப் பேச்சு, அது முறிந்தால் நடுவர் என்று எழுதுவது நமக்குத் தோது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கடைப் பிள்ளை என்றால் கணக்கியல், இல்லாவிட்டால் கணினி என்றே அனுப்புகிறோம். பெண் பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்கிறோம்: இந்தத் துறையையும் காட்டுங்கள். வியன்னாவில் 1994 முதல் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு இந்த உடன்படிக்கையை வைத்தே மாதிரி நடுவர் மன்றப் போட்டி நடக்கிறது. நம் பல்கலைக்கழக அணிகளும் போகின்றன. சட்டக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. உடன்படிக்கையும் பல நாட்டுத் தீர்ப்புச் சுருக்கங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. எங்களைப் போல் கடை மூடிய பிறகு படிப்பவர்களுக்கும் புரிகிற ஆங்கிலம்தான்.

சங்கச் செயலாளரிடம் கேட்டு அனுமதி வாங்கியிருக்கிறோம். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, மஃக்ரிபுக்குப் பிறகு, மேல்மாடி அறையில் இருப்போம். உங்கள் ஆர்டர் தாள் ஒன்றைக் கொண்டு வாருங்கள். விலையை மறைத்துக்கொண்டே வரலாம். சேர்ந்து உட்கார்ந்து வாசிப்போம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள், தேநீர் உண்டு.