பலகையும் படுதாவும் கொண்டு ஒரு யாத்திரை வண்டி
(கிளைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வயதானவர்களை அழைத்துக்கொண்டு க்ஷேத்திராடனம் போவது பற்றி அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள்.

எங்கள் வண்டி 2006-ல் வாங்கிய எட்டு இருக்கை மாருதி ஆம்னி. அதில் பின் இருக்கைகள் எதிரெதிராக இருக்கும். நடுவிலுள்ள இடைவெளியில் ஒரு பிளைவுட் பலகையை வைத்து, மேலே இலவம்பஞ்சு மெத்தை போட்டால் ஐந்தடிப் படுக்கை தயார். ஜன்னல்களுக்குப் பழைய புடவையில் படுதா. குழாய் வைத்த 20 லிட்டர் கேனில் தண்ணீர். பின்கதவு மேல்நோக்கித் திறக்கும். அதன் நிழல்தான் எங்கள் சமையல் உள். ஸ்டவ்வை எப்போதும் கீழே தரையில், தகரத் தடுப்பு வைத்து ஏற்றுவோமே தவிர, வண்டிக்குள் ஏற்றியதில்லை. மூடிய வண்டிக்குள் அடுப்பு எரிந்தால் விஷவாயு சேரும், வாசனைகூடத் தெரியாது.

இத்தனையும் அம்மாவுக்காக. இடுப்பு எலும்பு முறிந்து தேறியவள். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது, வெளியில் ஜலம்கூட வாயில் படாது. அவள் பிறந்தது 1931-ல், சித்தூரில். அப்போது அது சென்னை மாகாணம். 1953-ல்தான் ஆந்திராவோடு போயிற்று. "ஒரு தடவை அந்தத் தெருவைப் பார்த்துட்டா போறும்டா" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். 2009-ல் புறப்பட்டோம்.

நேர் வழியான திருத்தணியை விட்டு ஊத்துக்கோட்டை வழியாகப் போனோம். சுருட்டப்பள்ளியில் சிவபெருமான் சயனித்திருக்கிறார். அடுத்து நாகலாபுரத்தில் மத்ஸ்யாவதாரப் பெருமாள், பிறகு நாராயணவனம். ஒவ்வொரு இடத்திலும் வண்டியை நிழலில் நிறுத்தி அம்மாவை அரைமணி படுக்க வைப்போம். ஓடும் வண்டியில் யாரையும் படுக்க விடுவதில்லை. சென்னையிலிருந்து திருப்பதிக்கு மூன்று நான்கு மணி நேரம் என்பார்கள். எங்களுக்கு முழு நாள் ஆயிற்று. வழியில் தயிர்சாதமும் நார்த்தங்காயும்தான்.

திருமலைக்கு ஏறும்போது பாத்திரம் பண்டங்களைத் திருப்பதியிலேயே தெரிந்தவர் அகத்தில் இறக்கிவிட்டோம். அலிபிரியில் ஒவ்வொரு மூட்டையையும் சோதிப்பார்கள். ஏறுவதற்கு 1974-ல் வந்த இரண்டாவது பாதை, இறங்குவதற்கு 1944-ல் திறந்த பழைய பாதை. ஆம்னியின் 796 சி.சி. என்ஜின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. மலையில் இருக்கை சுடும், அவசரப்படாமல் ஏற வேண்டும். இறங்கும்போது இரண்டாவது கியரை விடாதீர்கள். பெட்ரோல் மிச்சம் என்று என்ஜினை அணைக்கும் புத்திசாலிகள் சிலர் உண்டு. அவர்களோடு நான் வாதம் செய்வதில்லை, வண்டியிலும் ஏறுவதில்லை.

தரிசனம் முடிந்து காணிப்பாக்கம் பிள்ளையாரை சேவித்துவிட்டு சித்தூருக்குப் போனோம். அம்மாவின் வீடு இருந்த இடத்தில் லாட்ஜ். அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, படுதாவை விலக்கி, வழியில் போன ஒரு கிழவரிடம் தெலுங்கில் கிணறு எங்கே என்று கேட்டாள். மூடிவிட்டார்கள் என்றார் அவர். அவருடைய அக்கா அம்மாவோடு படித்தவள் என்று தெரியவந்தது. ஒரு மணி நேரம் பேசினார்கள். இடுப்பு வலி என்ற பேச்சே இல்லை.

இப்போது இதே மாதிரி செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இருக்கையைப் பிடுங்கி, கூரையை உயர்த்தி, நிரந்தரக் கட்டில் அடிக்க ஆசை வரும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி முன் அனுமதி இல்லாமல் அப்படி மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸிலும் தகராறு வரலாம். எடுத்து வைக்கிற பலகைக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆம்னி தயாரிப்பு 2019-ல் நின்றுவிட்டது. வேறு வண்டி என்றால் இருக்கை மடங்குகிறதா, பின்கதவு மேலே தூக்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பலகையின் அளவு வேண்டுகிறவர்கள் காபி நேரத்தில் கேளுங்கள், எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.