இரண்டு வல்லரசுகளும் ஒரே கரும்பும்



இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே, இந்த மேடையில் கியூபாவைப் பற்றிப் பேச அனுமதி தாருங்கள். உங்களில் சிலர் ஆட்சிப் பணிக்கோ வெளியுறவுப் பணிக்கோ தேர்வு எழுதுவீர்கள். மற்றவர்கள் எல்லோரும் வாக்களிப்பீர்கள். ஒரு வல்லரசோடு நெருங்கிக் கூட்டுச் சேர்வது சிறிய நாட்டுக்கு நன்மையா என்ற கேள்வி ஏதாவது ஒரு வடிவில் உங்கள் முன்னால் வந்தே தீரும். அதைப் படிக்கக் கியூபாவைவிடத் தெளிவான பாடப்புத்தகம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரே நூற்றாண்டில் முதலில் அமெரிக்காவோடும் பிறகு சோவியத் யூனியனோடும் ஒட்டி வாழ்ந்த தீவு அது.

1898இல் ஸ்பெயினைத் தோற்கடித்த அமெரிக்கப் படை கியூபாவிலேயே தங்கிவிட்டது. வெளியேற வேண்டுமானால் எப்போது வேண்டுமானாலும் தலையிடும் உரிமை தங்களுக்கு உண்டு என்று அரசியல் சட்டத்திலேயே எழுதித் தரவேண்டும் என்றது. 1901இல் வந்த அந்த விதிக்குப் பிளாட் திருத்தம் என்று பெயர். 1903இல் குவாந்தனாமோ துறைமுகம் கடற்படைத் தளத்துக்காகக் குத்தகைக்குப் போனது. இன்றுவரை ஆண்டுக்கு 4,085 டாலர் வாடகைக் காசோலை வாஷிங்டனிலிருந்து வருகிறது. புரட்சிக்குப் பிறகு, 1959இல் ஒரே ஒரு காசோலை மட்டும் மாற்றப்பட்டது. மற்றவற்றைப் புரட்சித் தலைவர் காஸ்ட்ரோ தன் மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தார். ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அதைத் திறந்தும் காட்டினார். காசோலையை மாற்றாமல் இருக்க அவரால் முடிந்தது. தளத்தை அகற்ற முடியவில்லை.

ஆனால் என் கவலை அந்தத் தளத்தைப் பற்றியது அல்ல, சர்க்கரையைப் பற்றியது. அமெரிக்கா கியூபாவின் சர்க்கரைக்கு ஒதுக்கீடு கொடுத்தது, பெரும்பாலான ஆண்டுகளில் உலகச் சந்தையைவிடக் கூடுதல் விலையும் கொடுத்தது. இந்த அரங்கில் கரும்பு விவசாயிகளின் பிள்ளைகள் இருப்பீர்கள், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே ஆலைக்குப் பதிவு செய்துவிட்டு வெட்டு உத்தரவுக்குக் காத்திருக்கும் விவசாயியின் நிலைதான் அந்த நாட்டுக்கும். விலை நன்றாக இருக்கிற வரையில் வேறு பயிரைப் பற்றி யார் நினைப்பார்கள்?

1960இல் அந்த உத்தரவு நின்றது. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஹவானா வந்த சோவியத் துணைப் பிரதமர் மிக்கோயான், ஐந்து ஆண்டுகளில் 50 லட்சம் டன் சர்க்கரை வாங்கவும் 10 கோடி டாலர் கடன் தரவும் கையெழுத்திட்டார். சோவியத் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்க மேற்கத்திய நிறுவனங்கள் மறுத்தன. கியூபா அந்தச் சுத்திகரிப்பு ஆலைகளைக் கையகப்படுத்தியது. ஜூலையில் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் அந்த ஆண்டில் மீதமிருந்த 7 லட்சம் டன் ஒதுக்கீட்டை வெட்டினார். வாங்குகிறவர் மாறினார், வயலில் நின்றது அதே கரும்புதான்.

புதிய நண்பரால் நன்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1961இல் பிக்ஸ் வளைகுடாவில் அமெரிக்க ஆதரவோடு நடந்த படையெடுப்பைச் சந்தித்த நாட்டுக்கு ஒரு பாதுகாவலர் தேவைப்பட்டார். ஆனால் அந்தப் பாதுகாப்பு எப்படிப்பட்டது என்று 1962 அக்டோபரில் தெரிந்தது. சோவியத் ஏவுகணைகள் நின்றது கியூப மண்ணில். அவற்றைத் திரும்ப எடுப்பது என்று முடிவு செய்தவர்கள் சோவியத் தலைவர் குருஷேவும் அமெரிக்க அதிபர் கென்னடியும். காஸ்ட்ரோவுக்கு அது செய்தியாகத்தான் வந்து சேர்ந்தது. கியூபா மீது படையெடுப்பதில்லை என்ற உறுதிமொழி அந்த பேரத்தில்தான் கிடைத்தது, அது பெரிய லாபம் என்பதையும் மறைக்கக் கூடாது. தன் உயிர் சம்பந்தப்பட்ட பேச்சுவார்த்தையில் தனக்கு நாற்காலி இல்லாமலேயே கிடைத்த லாபம் அது.

பிறகு வந்த வசதியான ஆண்டுகள்தான் எனக்கு அதிக வேதனை தருகின்றன. மாஸ்கோ சர்க்கரைக்குத் தாராளமான விலை தந்தது, மலிவாக எண்ணெய் அனுப்பியது. 1980களில் அந்த எண்ணெயில் ஒரு பகுதியை மறுபடி விற்றே கியூபா அந்நியச் செலாவணி ஈட்டியது. அந்தப் பத்தாண்டின் முடிவில் அதன் வெளிநாட்டு வணிகத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் சோவியத் அணியோடு. ஏறத்தாழ 80 லட்சம் டன் சர்க்கரை செய்த நாடு, தன் சாப்பாட்டுக்கான தானியத்தைக் கப்பலில் எதிர்பார்த்து நின்றது. மாஸ்கோவில் எந்தக் கொடியவனும் இதைத் திட்டமிடவில்லை. தாராள மனதோடு கொடுத்த விலையே அந்த நாட்டை வேறு எதையும் கற்றுக்கொள்ள விடாமல் செய்தது.

1991 செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பேக்கரைச் சந்தித்த கையோடு, கியூபாவிலிருந்து சோவியத் படையை விலக்கிக்கொள்வதாகச் சோவியத் அதிபர் கோர்பச்சேவ் அறிவித்தார். ஹவானாவைக் கேட்கவில்லை. டிசம்பரில் சோவியத் யூனியனே இல்லை.

1993இன் ஹவானாவை எண்ணிப் பாருங்கள். பெட்ரோல் இல்லாததால் சீனாவிலிருந்து சைக்கிள்கள் லட்சக்கணக்கில் வந்திறங்கின. டிராக்டர் ஓடிய வயலில் மாடு பூட்டி உழுதார்கள். இறக்குமதி நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. பிறகு பலருக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. எழுத்து தெரியவில்லை, நிறம் பிரிபடவில்லை. போதிய உணவில்லாமல் பார்வை நரம்பும் கைகால் நரம்புகளும் பழுதாகி, 50,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். அரசு நாடு முழுவதும் வைட்டமின் மாத்திரை விநியோகித்துத்தான் அதை நிறுத்தியது. நம் நாட்டிலும் இடதுசாரிகள் கோதுமை திரட்டிக் கப்பலில் அனுப்பினார்கள். உங்கள் தாத்தாக்களில் சிலருக்கு அது நினைவிருக்கலாம்.

நியூசிலாந்தை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். 1951 முதல் அமெரிக்காவின் ஒப்பந்தக் கூட்டாளி. அணு ஆயுதம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல மறுத்த புக்கானன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை 1985இல் பிரதமர் டேவிட் லாங்கேயின் அரசு உள்ளே விடவில்லை. மறு ஆண்டே அமெரிக்கா பாதுகாப்புக் கடமையை நிறுத்திக்கொண்டது. இருந்தும் அந்த நாட்டில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. 1973இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தபோது, தங்கள் வெண்ணெய்க்கும் ஆட்டிறைச்சிக்கும் வேறு சந்தை தேட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு ஏற்பட்டிருந்தது. அந்தக் கஷ்டம்தான் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ‘முடியாது’ என்று சொல்லும் தெம்பைக் கொடுத்தது என்பது என் கணிப்பு. அமெரிக்காவின் மூர்க்கமான பகைவனாக இல்லாததும் அவர்களைக் காத்தது, அதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

ஆகவே என் பதில் இது: கூட்டணியில் நன்மை உண்டு, சில நேரம் உயிரையே காப்பாற்றும். ஆனால் அது கிடைக்கும் காலத்தில் நாம் சொந்தமாக என்ன செய்யக் கற்றுக்கொண்டோம் என்பதை வைத்துத்தான் அதை மதிப்பிட வேண்டும். நாளை ஓர் ஒப்பந்தம் உங்கள் மேசைக்கு வந்தால், எத்தனை கோடி வரும் என்ற பக்கத்தைப் புரட்டிவிட்டு, முறிந்தால் நம்மிடம் என்ன மிஞ்சும் என்பதைத் தேடுங்கள். அந்தப் பக்கம் இல்லையென்றால் கோப்பில் கேள்வியாக எழுதுங்கள்.

கியூபாவிடம் ஒன்று மிஞ்சியது. நல்ல ஆண்டுகளில் அது மருத்துவர்களையும் ஆய்வுக்கூடங்களையும் வளர்த்தது. மூளையுறை அழற்சியின் பி வகைக்கு 1980களில் அங்கேயே தடுப்பூசி கண்டார்கள். அந்தக் குழுவை வழிநடத்தியவர் கொன்செப்சியோன் காம்பா என்ற பெண் விஞ்ஞானி. 1993இல் விளக்கு எரியாத நகரத்திலும் அந்த ஆய்வுக்கூடங்களை மூடவில்லை. 2021இல் கொரோனாவுக்கு அப்தலா, சொபெரானா என்று சொந்தத் தடுப்பூசிகளைத் தயாரித்தார்கள். ஊசி போடும் சிரிஞ்சுக்கு மட்டும் தட்டுப்பாடு. பல நாடுகளிலிருந்து நல்ல மனிதர்கள் பணம் திரட்டி வாங்கி அனுப்பினார்கள். சர்க்கரை உற்பத்தியோ ஆண்டுக்கு 5 லட்சம் டன்னுக்கும் கீழே போய்விட்டது. இப்போது கியூபா சர்க்கரையை இறக்குமதி செய்கிறது.