விரலுக்கு வந்த கல்வி

(கம்மாபுரத்தில் தமிழிளைஞரிடை நிகழ்த்தப்பெற்ற உரை)



கம்மாபுரத்து வயல்களில் நாற்று நடும் பெண்டிர், ஒவ்வொரு நாற்றையும் எங்கே ஊன்றுவதென நின்று எண்ணுவதில்லை. கண் வரிசையைப் பார்க்கிறது. கை தானே நடுகிறது. அவ்விரைவு பரபரப்பால் வந்ததன்று, பயிற்சியால் வந்தது. கணிப்பொறிக்கு நிரல் எழுதுவார்க்கும் வேண்டுவது அத்தகு விரைவே.

நிரலை எழுதவும் திருத்தவும் பயன்படும் கருவி நிரல்தொகுப்பி. அதனைத் திறக்கத் தெரிந்தார் பலர்; ஆளத் தெரிந்தார் சிலர். ஒரு சொல்லை நீக்குதற்குக் கை விசைப்பலகையை விட்டுச் சுட்டெலியைத் தேடுகிறது; கண் திரையில் அம்புக்குறியைத் தேடுகிறது. அதற்குள் உள்ளத்தில் ஓடிய எண்ணம் அறுந்துவிடுகிறது. இழப்பு சில நொடிகளன்று. எண்ணத் தொடர்ச்சியே என்க.

அமெரிக்கரான பில் சாய் 1976-இல் 'விஐ' என்னும் தொகுப்பியை உருவாக்கினார். அதன் வழியில் நெதர்லாந்தினரான பிராம் மூலெனார் 1991-இல் 'விம்' தொகுப்பியை வெளியிட்டார். இவற்றில் எழுதும் நிலை வேறு. ஏவல் நிலை வேறு. ஏவல் நிலையில் 'டி' என்னும் விசை 'நீக்கு' என்னும் வினை. 'டபிள்யூ' என்னும் விசை 'சொல்' என்னும் பெயர். இடையே 3 என்னும் எண்ணை இட்டால் மூன்று சொற்கள் நீங்கும். ஆகவே இவ்விசைகளை உருப்போட வேண்டுவதில்லை. வினையும் பெயரும் எண்ணும் கூடிய சிறு மொழியாகக் கற்றாற் போதும். வினையை முன்வைப்பது ஆங்கில முறை. 'சொல்லை நீக்கு' எனச் செயப்படுபொருளை முன்வைப்பது தமிழ் முறை. அதற்கும் 'விம்'மில் வழியுண்டு: 'வி' விசையால் முதலில் பகுதியைத் தெரிந்துகொண்டு, பின்னர் 'டி' விசையால் நீக்கலாம்.

இனி, பெயர் மாற்றும் கருவியைக் காண்க. பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பு 2008-இல் வெளிவந்தது முதல், நிரலுக்குள் தமிழிலேயே பெயரிடலாம். 'கூலி' என்று இட்ட பெயரை 'ஊதியம்' என்று மாற்ற விரும்புகிறார் ஒருவர். கண்மூடித்தனமாகத் தேடி மாற்றினால், 'கூலியாள்' என்னும் வேறொரு பெயர் 'ஊதியம்யாள்' என்று சிதையும். மைக்கிரோசாப்டின் 'விசுவல் சுடுடியோ கோடு' தொகுப்பியில் 'எப் 2' விசையை அழுத்திப் பெயர் மாற்றினாலோ, கருவி நிரலின் அமைப்பை அறிந்து, அப்பெயர் ஆளப்பெற்ற இடங்களை மட்டும் மாற்றும்.

ஆயினும் தமிழ்மக்கள் விழித்திருக்க வேண்டிய இடங்கள் சில உள. ஒருங்குறியில் 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல் ஐந்து குறிகளாக நிற்கிறது. பைத்தானுடன் வரும் தேடற்கருவியில் 'சொல்லெழுத்து' என்னும் பொதுக்குறியைக் கொடுத்துத் தேடினால், அஃது உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தென ஏலாமல் 'தம', 'ழ' எனத் தமிழைப் பிளந்து காட்டும். ஒருங்குறியின் தமிழ்ப்பகுதி முழுவதையும் எல்லையாகக் குறித்துத் தேடின், சொல் சிதையாது. கருவியின் குறையறியாதவன், தன் மொழியின் மேல் குறை காண்பான்.

மற்றொன்று: 1999-இல் வகுக்கப்பெற்ற தமிழ் 99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்பக்கத்தும், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கத்தும் அமைந்துள்ளன, இரு கைகளும் மாறிமாறி இயங்க ஏற்ற அமைப்பு அது. ஆனால் கணிப்பொறி முழுமைக்கும் அதனை இயக்கிவிட்டு 'விம்'மில் ஏவல் கொடுத்தால், 'டி' விசை 'நீக்கு' என்னாது, 'உ' என்னும். இதனாற் சோர்ந்து தமிழைக் கைவிட்டார் உளர். அது வேண்டா. விசைப்பலகையை ஆங்கிலத்திலேயே நிறுத்தித் தொகுப்பிக்குள் மட்டும் தமிழ் விசைவரைவை ஏற்றிக்கொள்க. எழுதும் நிலையில் தமிழ் விழும். ஏவல் நிலையில் ஏவல் பிழையாது.

இளைஞர்களே! அனைத்தையும் ஒரே நாளிற் கற்க முற்படாதீர். கிழமைக்கு ஒரு விசை போதும். எச்செயலைப் பன்முறை செய்கிறீரோ, அச்செயலுக்குரிய விசையை முதலிற் கற்பீர். அது விரலிற் படிந்தபின் அடுத்ததை நாடுவீர். கருவியைப் பிறர் செய்திருக்கலாம், கைத்திறன் உங்களது. அத்திறன் கைவரப்பெற்றால், தமிழுக்கு இடந்தராத கருவியைத் திருத்தும் ஆற்றலும் கைவரும். அந்நாள் வருக!