கடல் கடந்த குடும்பம்

பின்னலாடைத் தொழிலால் உலகறிந்த திருப்பூரில் வாழ்பவன் நான். ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்து பனியன் கம்பெனிகளில் உழைக்கும் குடும்பங்களை நாள்தோறும் காண்கிறேன். அவர்களுடைய குழந்தைகள் நம் குழந்தைகளோடு பள்ளிக்குச் செல்கின்றனர். அக்காட்சியைக் காணும்போதெல்லாம், பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்ற நம் முன்னோர் என் நினைவுக்கு வருவர். சென்ற இடத்தில் ஒரு குடும்பமாக வாழ்வதற்கு அவர்கள் பட்ட பாட்டை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதி அக்காலத்தில் ஆங்கிலேயரின் புதிய குடியேற்ற நாடு. அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1860-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. ஒப்பந்தம் ஐந்தாண்டு, முதலாண்டுக் கூலி மாதம் 10 ஷில்லிங். 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் இவ்வாறு நேட்டாலுக்குச் சென்றனர். அவருள் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்.

கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, ஊர் ஆகியவையும் உண்டு. ஆனால் தோட்ட முதலாளி கேட்டவை உழைக்கும் கைகளே. நூறு ஆடவருக்கு ஏறத்தாழ நாற்பது பெண்டிரே அனுப்பப்பட்டனர் என்றால், எத்தனை பேருக்கு இல்லற வாழ்வு கிட்டியிருக்கும்? எண்ணிப் பாருங்கள்!

அவ்விடரையும் கடந்து குடும்பங்கள் வேரூன்றின. ஒப்பந்தம் முடிந்தவர்கள் சிறு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிட்டனர். கூடைகளில் சுமந்து சென்று டர்பன் நகரில் விற்றனர். கோயில்கள் எழுந்தன, காவடியும் தீமிதியும் அங்கும் நிகழ்ந்தன.

வந்தவர் நிலைத்துவிடுவதை வெள்ளையர் அரசு விரும்பவில்லை. ஒப்பந்தம் முடிந்த பின்னும் தங்குவோர் ஆண்டுக்கு 3 பவுன் வரி செலுத்த வேண்டுமென்று 1895-இல் சட்டம் இயற்றியது. 3 பவுன் என்பது 60 ஷில்லிங். அஃதாவது முதலாண்டுக் கூலியில் ஆறு மாதச் சம்பளம்! பின்னர் 16 வயது கடந்த ஆண்பிள்ளைகளுக்கும் 13 வயது கடந்த பெண்பிள்ளைகளுக்கும் அவ்வரி விரிந்தது. 1913 மார்ச்சில் மற்றோர் இடி விழுந்தது. கிறித்தவ முறைப்படி நடவாத, பதிவு பெறாத திருமணங்கள் செல்லா என்று கேப் மாகாண நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாலி கட்டிய மனைவி, சட்டத்தின் கண்ணில் மனைவி அல்லள் என்றாயிற்று.

அப்பொழுதுதான் பெண்கள் எழுந்தனர். காந்தியடிகள் நடத்திய சத்தியாக்கிரகத்தில் தமிழ்ப் பெண்கள் பலர், சிலர் கைக்குழந்தைகளோடு, சிறை புகுந்தனர். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை, சிறையில் கண்ட காய்ச்சலால், விடுதலையான சில நாட்களில் 1914 பிப்ரவரி 22 அன்று உயிர் நீத்தார். அவருக்கு வயது 16. பெற்றோரின் ஊரான தில்லையாடியின் பெயரோடு சேர்த்தே அவரை நாம் நினைக்கிறோம். அவ்வாண்டே வரி ஒழிந்தது, திருமணங்களும் ஏற்கப்பட்டன.

மாணவ நண்பர்களே! கைகளை மட்டும் வரவழைக்க எந்த நாட்டாலும் முடிவதில்லை. கைகளோடு தாயும் சேயும் தாலாட்டும் வந்துவிடுகின்றன. நாளை உங்கள் வகுப்பில் வேற்று மொழி பேசும் ஒரு மாணவன் அமர்ந்திருந்தால், அவனுடைய ஊரின் பெயரைக் கேளுங்கள். ஒரு காலத்தில் டர்பன் துறையில் நம்மவரை எவரேனும் அவ்வாறு அன்போடு கேட்டிருக்கலாகாதா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.