மழையை எண்ணும் போர்டு

பெரகலச் சந்தியில் பஸ்சுக்கு நிற்கும்போது மழை பிடித்தால், கண் தானாகவே மலைப் பக்கம் திரும்பும். கீழே கொஸ்லந்த மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை தோட்டத் தொழிலாளர் லயங்களை மண்சரிவு மூடியதை நாம் மறக்கவில்லை. அதனால்தான், மைக்ரோகன்ட்ரோலர் படிக்க எந்தப் போர்டு வாங்கலாம் என்று கேட்கும் பிள்ளைகளிடம், "முதலில் ஒரு மழைமானி செய்வதாக முடிவெடு, பிறகு கடைக்குப் போ" என்கிறேன்.

மழைமானிக்குள் சீசோ மாதிரி ஒரு சின்னத் தொட்டி. 0.2 மில்லிமீற்றர் மழை சேர்ந்ததும் ஒரு பக்கம் சாயும். சாயும்போது அதிலுள்ள காந்தம் ஒரு சுவிட்சை மூடித் திறக்கும். போர்டுக்கு வேலை, அதை எண்ணுவது. தேசிய கட்டட ஆய்வு நிறுவனம் 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் என்ற அளவிலிருந்தே மண்சரிவுக்கு விழிப்பூட்டுகிறது. அதாவது 375 சாய்வு.

இதற்கு ஆர்டுயினோ ஊனோ தாராளம். 2010இல் வந்தது, 16 மெகாஹெர்ட்ஸ், 2 கிலோபைட் ராம். நாலு டொலர் விலையில் 2021இல் வந்த ராஸ்பெரி பை பிக்கோவுக்கு 264 கிலோபைட். இருந்தும் கற்பவருக்கு ஊனோதான் என் தேர்வு. வயரை மாற்றிக் கொடுத்துச் சிப் கருகினால், நெம்பி எடுத்து வேறொன்றைச் சொருகலாம். சிப்பைப் பலகையோடு ஒட்டிய மலிவுப் பிரதிகளில் அது நடக்காது. பிக்கோவின் பின்களும் இஎஸ்பி32 என்ற இன்னொரு போர்டின் பின்களும் 3.3 வோல்ட்டுக்கானவை, 5 வோல்ட் கொடுத்தால் போச்சு. இஎஸ்பி32இல் வைஃபை உண்டு. ஆனால் அது பேசத் தொடங்கினால் பற்றரியைக் குடித்துவிடும். அது இரண்டாவது போர்டாக வரட்டும். (போர்டைக் கணினியோடு இணைக்கும்போது, போன் சார்ஜ் பண்ணும் வயர் சிலவற்றில் தரவு போகாது. போர்டு பழுதென்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகுமுன் வயரை மாற்றிப் பாருங்கள்.)

உண்மையான பாடம் சுவிட்சில்தான் இருக்கிறது. அதன் தகடுகள் ஒட்டும்போது ஒரு கணம் துள்ளும். நமக்குத் தெரியாது, போர்டுக்குத் தெரியும். ஒரு சாய்வை மூன்றாக எண்ணிவிடும். சாரல் மழைக்கே லயத்தைக் காலி பண்ணச் சொல்லும் கருவியை இரண்டாம் முறை யார் நம்புவார்? ஒன்று எண்ணியதும் அடுத்த 100 மில்லிசெக்கனுக்குக் காதைப் பொத்திக்கொள்ளும்படி நிரலில் எழுதுங்கள்.

பிறகு சோதனை. புனலின் வாய் 100 சதுர சென்ரிமீற்றர் என்றால், 100 மில்லிலீற்றர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள். 50 வரவேண்டும். எண்பது வந்தால் துள்ளல் இன்னும் அடங்கவில்லை. நாற்பதென்றால் நிரலை விட்டுவிட்டுத் தொட்டி சாயும் அளவைச் சரிசெய்யும் திருகைப் பாருங்கள்.