தாய்வழி நோயில் தாயைக் காணோம்



தலைமையுரையில் பாதியை நன்றி நவில்வதிலும் பொன்னாடையிலும் கழிப்பது நம் மேடை வழக்கம். அந்த நேரத்தையும் சேர்த்துப் பொருளைப் பேசிவிடுகிறேன், பொறுத்தருளுங்கள்.

மைட்டோகாண்ட்ரியா நோய் என்று மருத்துவ உலகம் முதன்முதலில் இனங்கண்டது ஒரு பெண்ணிடம். 1962இல் ஸ்வீடனில் ரோல்ஃப் லூஃப்டும் அவருடைய குழுவினரும் விவரித்த 35 வயதுப் பெண் அவர். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு தேறவில்லை. ஓயாத வியர்வை, தாங்க முடியாத சூடு. தைராய்டோ சரியாக இருந்தது. லூஃப்ட் நரம்பியல்காரர் அல்லர். நாளமில்லாச் சுரப்பி மருத்துவர். ஆக, இந்தத் துறை பிறந்தது ஒரு பெண்ணின் உடலில், ஒரு ஹார்மோன் மருத்துவரின் கையில்.

பிறகு கதை வேறு பக்கம் போயிற்று. 1981இல் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் 16,569 எழுத்துகளும் கேம்பிரிட்ஜில் படித்து முடிக்கப்பட்டன. 1988இல் அதில் நேரும் பிழைகள் நோயாக வெளிப்படுவது உறுதியாயிற்று. வலிப்பு, பக்கவாதம் போன்ற தாக்குதல்கள், தசைத்தளர்ச்சி, பார்வையிழப்பு என நோயின் முகம் நரம்பியல் வார்டுக்கு நகர்ந்தது. இந்த டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டுமே இறங்குவதால் பெண்மேல் மறுபடி கண் விழுந்தது. ஆனால் நோயைக் கடத்துபவள் என்ற அளவில்தான். அவளுக்குப் பிறக்கப்போகும் குழந்தையைக் காக்க மைட்டோகாண்ட்ரியா தானம் என்ற மிக நுட்பமான முறை வளர்ந்தது. பிரிட்டன் 2015இல் அதற்கென விதிமுறைகளே இயற்றியது. நியூகாசலில் அந்த முறையில் 8 குழந்தைகள் பிறந்த செய்தி 2025 ஜூலையில் வந்தது. கைதட்டியவர்களில் நானும் உண்டு. ஆனால் அதே பெண் எந்தக் கருத்தடை முறையை நாடலாம், மாதாமாதம் கொட்டும் உதிரத்துக்கு என்ன செய்யலாம், 33 வயதில் மாதவிலக்கு நின்றுபோனால் ஹார்மோன் கொடுக்கலாமா என்று கேட்டால், கிடைக்கும் ஆய்வுக் கட்டுரைகள் சொற்பம். இந்த இரண்டு நாள் கூட்டம் அதற்காகத்தான்.

ஆற்றல் அதிகம் செலவாகும் உறுப்புகளை இந்நோய் தாக்கும் என்று பாடம் நடத்துகிறோம். மூளை, தசை, இதயம், கண் என்று எண்ணிக்கொண்டே போகிறோம். அந்த வரிசையில் சினைப்பையை ஏனோ விட்டுவிடுகிறோம். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் உருவாகும் முதல் படியே மைட்டோகாண்ட்ரியாவுக்குள்தான் நடக்கிறது. ஸ்டார் என்ற புரதம் கொலஸ்ட்ராலை உட்சவ்வுக்குக் கொண்டு சேர்க்கிறது. அங்கே காத்திருக்கும் நொதி அதைப் பிரெக்னெனலோனாக மாற்றுகிறது. மற்ற ஸ்டீராய்டு ஹார்மோன்கள் எல்லாம் அதன் வழித்தோன்றல்கள். முதிர்ந்த ஒரு கருமுட்டையில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ லட்சம் படிகளுக்கு மேல் இருக்கிறது. உடலின் வேறெந்தச் செல்லிலும் இவ்வளவு கிடையாது. உறங்கிக் கிடக்கும் இளம் கருமுட்டைகளோ சுவாசச் சங்கிலியின் முதல் கூட்டுநொதியையே அணைத்து வைத்துவிட்டுப் பல பத்தாண்டுகள் காத்திருக்கின்றன என்று பார்சிலோனா ஆய்வாளர்கள் 2022இல் காட்டினார்கள். ஆக்சிஜன் எச்சங்களால் வரும் சேதத்தைத் தவிர்க்க அந்தச் செல் கண்ட உபாயம் அது. எதிர்ப்பக்கம், ஈஸ்ட்ரோஜனே மைட்டோகாண்ட்ரியா பெருகுவதற்கான மரபணுக்களைத் தூண்டுகிறது. மைட்டோகாண்ட்ரியா பழுதானால் ஹார்மோன் குறையலாம். ஹார்மோன் குறைந்தால் மைட்டோகாண்ட்ரியாவுக்குக் கிடைத்த ஆதரவும் போகும்.

லீபர் பார்வை நரம்பு நோயை இங்கே நினைவூட்ட வேண்டும். தியோடர் லீபர் 1871இல் விவரித்த நோய். பிழையைத் தாயிடமிருந்து மகனும் மகளும் ஒரேபோலப் பெறுகிறார்கள். பார்வையை இழப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். ஏன்? 2011இல் இத்தாலிய ஆய்வுக்குழு ஒன்று, இந்தப் பிழை கொண்ட செல்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தபோது அவற்றின் மைட்டோகாண்ட்ரியா செயல்பாடு மேம்பட்டதைக் கண்டது. செல் வளர்ப்புத் தட்டில் கண்டதை அப்படியே மருந்துச் சீட்டாக்க முடியாதுதான். ஆனாலும் “நரம்பு நோய்க்காரிக்கு ஈஸ்ட்ரோஜனா, வேண்டவே வேண்டாம்” என்று கையை உதறும் நம் சகாக்கள் இதையும் படித்துவிட்டு உதறட்டும்.

இன்றைய கூட்டத்தின் மையக் கேள்வி இதுதான்: சினைப்பை சீக்கிரமே ஓய்ந்துபோன பெண்ணுக்கு ஹார்மோன் கொடுப்பதா, வேண்டாமா? 40 வயதுக்கு முன் சினைப்பை செயலிழப்பதைத்தான் முன்கூட்டிய செயலிழப்பு என்கிறோம். மைட்டோகாண்ட்ரியாவைப் பாதிக்கும் போல்ஜி மரபணுக் கோளாறில் அது வரும் என்பதும், பார்க்கின்சன் அறிகுறிகளும் இளவயதில் மாதவிலக்கு நிற்பதும் ஒரே குடும்பத்துக்குள் சேர்ந்து வருவதும் 2004 முதலே தெரியும். பெரோ நோயில் ஆண், பெண் இருபாலருக்கும் காது கேட்காது. பெண்ணுக்கு மட்டும் சினைப்பையும் வளராது. அதற்குக் காரணமான மரபணுக்களில் பெரும்பாலானவை மைட்டோகாண்ட்ரியா சம்பந்தப்பட்டவை. இவை செல்லின் உட்கருவில் இருக்கும் மரபணுக்கள் என்பதைக் கவனியுங்கள். பெரோ நோய்க்குத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பிழை வர வேண்டும். மாமன் மகள், அக்காள் மகள் என்று உறவுக்குள் கட்டிக்கொடுக்கும் நம் ஊரில் இதை நாம் அடிக்கடி எதிர்பார்த்திருக்க வேண்டும். காது கேளாத பெண் பிள்ளை வயதுக்கு வரவில்லை என்று அழைத்து வந்தால், அவை இரண்டையும் தனித்தனிச் சீட்டில் எழுதித் தனித்தனி மருத்துவரிடம் அனுப்புவதை இன்றோடு நிறுத்துவோம்.

சினைப்பை சீக்கிரமே ஓய்ந்துபோன பெண்ணுக்கு ஹார்மோன் கொடுக்கத்தான் வேண்டும். என் கருத்தில் இதில் தயக்கத்துக்கு இடமில்லை. 2002இல் ஹார்மோன் சிகிச்சை பற்றிய அமெரிக்காவின் பெரிய ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்ட செய்தியின் பயம் இன்றும் நம்மை விடவில்லை. அதில் கலந்துகொண்ட பெண்களின் சராசரி வயது 63. அவர்களுக்குக் கொடுத்தது மாதவிலக்கு இயல்பாக நின்று பல ஆண்டுகளுக்குப் பிறகு. 33 வயதுப் பெண்ணுக்கு நாம் கொடுப்பது, அவளுடைய உடல் அந்த வயதில் தானே சுரந்திருக்க வேண்டியதை. கொடுக்காமல் விட்டால் எலும்பு தேயும், இதயத்துக்கும் கேடு. தசைத்தளர்ச்சியால் அடிக்கடி தடுக்கி விழுகிற, நடமாட்டமே குறைந்துபோன பெண்ணுக்கு எலும்பு தேய்வதன் பொருளை எலும்பு முறிவு வார்டில் போய்ப் பாருங்கள். மாதவிலக்கு இயல்பாக நிற்கும் வயது வரையாவது தொடர வேண்டும் என்பது பன்னாட்டு வழிகாட்டல்.

எப்படிக் கொடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். வாய்வழி ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலைக் கடக்கிறது. இரத்தம் உறையும் காரணிகள் ஏறுகின்றன, டிரைகிளிசரைடும் ஏறுகிறது. தோலில் தடவும் ஜெல்லும் ஒட்டுவில்லையும் அந்த வழியைத் தவிர்க்கின்றன; காலில் இரத்தம் உறையும் அபாயமும் அவற்றில் கூடுவதாகத் தெரியவில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் கல்லீரல் தொட்டால் சிணுங்குகிற போல்ஜி நோயாளிக்கும் ஜெல்தான் என் முதல் தேர்வு. கருப்பை இருந்தால் கூடவே புரோஜெஸ்டிரோன் அவசியம்.

கருத்தடை மாத்திரையை இதே கணக்கில் சேர்க்கக் கூடாது. அதில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜன் வீரியம் கூடியது. கண்முன் மின்னல் கோடுகள் தெரிந்த பிறகு ஒற்றைத் தலைவலி வருகிற பெண்ணுக்குக் கூட்டு மாத்திரை கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் தெளிவான விதி. மெலாஸ் என்னும் மைட்டோகாண்ட்ரியா நோய் உள்ளவர்களில் பலருக்கு ஒற்றைத் தலைவலி இருக்கிறது. பக்கவாதம் போன்ற தாக்குதலும் வருகிறது. ஆகவே அவர்களுக்கு மாலா-என் போன்ற கூட்டு மாத்திரை வேண்டாம். அந்தரா என்ற கருத்தடை ஊசி எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும். காப்பர்-டி போட்டால் உதிரப்போக்கு கூடும். லெவோநார்ஜெஸ்ட்ரெல் கசியும் கருப்பைச் சாதனம்தான் பலருக்குப் பொருந்துகிறது. கருத்தடையும் ஆயிற்று, உதிரப்போக்கும் குறைந்தது. ஏற்கெனவே ஆற்றல் பற்றாத தசைக்கு இரத்தசோகையும் சேர்ந்தால் படி ஏறக்கூட முடியாது. இப்படிச் சோர்ந்து வரும் பெண்ணிடம் நம் பக்கத்தில் எளிதாகச் சொல்லப்படும் தீர்வு, “கர்ப்பப்பையை எடுத்துடலாம்மா.” கூடவே சினைப்பையையும் எடுத்துவிட்டு அனுப்பும் கொடுமையும் நடக்கிறது.

இன்னொரு மாத்திரை நம் சீட்டே இல்லாமல் ஓடுகிறது. கோயில் திருவிழா, கிரகப்பிரவேசம், சபரிமலைக்கு மாலை போட்ட வீடு என்றால் பீரியட்ஸைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் நேரே கேட்டு வாங்கும் நோரெதிஸ்டிரோன். அது வெறும் புரோஜெஸ்டோஜன்தானே என்று நாமும் இருந்துவிடுகிறோம். நாளுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை விழுங்கும்போது, அதில் ஒரு சிறு பங்கு உடலுக்குள்ளேயே கூட்டு மாத்திரையின் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ஒரு கருத்தடை மாத்திரைக்கு ஈடான அளவு. மெலாஸ் நோயாளியின் வீட்டாரிடம் இதைச் சொல்லி வைக்க வேண்டியது நம் பொறுப்பு.

வலிப்பைப் பற்றி அடுத்த அமர்வு விரிவாகப் பேசும் என்பதால் இரண்டொரு வார்த்தை போதும். ஈஸ்ட்ரோஜன் வலிப்பைத் தூண்டும் பக்கம் சாய்கிறது. புரோஜெஸ்டிரோன் அடக்கும் பக்கம். மாதவிலக்கை ஒட்டி வலிப்பு கூடுகிறதா என்று நாட்காட்டியில் குறித்துவரச் சொல்லுங்கள். கூட்டு மாத்திரை லாமோட்ரிஜினின் அளவை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். கார்பமாசெபைனும் ஃபெனிடோயினும் மாத்திரையின் கருத்தடைத் திறனையே குலைக்கும். போல்ஜி நோயாளிக்கு வால்ப்ரோயேட் கொடுத்தால் கல்லீரல் செயலிழந்து உயிரே போகலாம். அந்த எச்சரிக்கை மருந்தின் குறிப்பேட்டிலேயே கட்டம் கட்டி அச்சாகியிருக்கிறது.

நம் மகப்பேறு வெளிநோயாளிப் பிரிவில் தினசரி நடப்பது ஒன்றும் இங்கே உறைக்க வேண்டும். பீரியட்ஸ் ஒழுங்கில்லை, சுகர் எல்லையில் நிற்கிறது, ஸ்கேனில் நீர்க்கட்டி. பேனா தானாகவே மெட்ஃபார்மின் என்று எழுதுகிறது. பெரும்பாலோருக்கு அது சரியான மருந்துதான். ஆனால் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் 3243ஆம் எழுத்தில் பிழை உள்ளவர்களுக்கு நீரிழிவும் காது மந்தமும் சேர்ந்து வருகின்றன. மெட்ஃபார்மின் சுவாசச் சங்கிலியின் முதல் கூட்டுநொதியைத்தான் தடுக்கிறது. லாக்டிக் அமிலம் ஏறும் அபாயம் இவர்களுக்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் பொதுமக்களிடையே நடத்திய ஆய்வில் ஏறத்தாழ 420 பேருக்கு ஒருவரிடம் இந்தப் பிழை இருந்தது. ஒல்லியாக, குட்டையாக, சுகரோடு வரும் பெண்ணிடம், “அம்மாவுக்குக் காது நல்லா கேக்குமா?” என்று கேட்க அரை நிமிடம் ஆகாது. பிரசவ அறையிலும் அதே கேள்வி உதவும். அடிவயிற்றுத் தொற்றுக்கும் சிசேரியனுக்குப் பிறகும் கைப்பழக்கமாக ஜென்டாமைசின் போடுகிறோம். 1555ஆம் எழுத்தில் பிழை உள்ளவருக்கு அந்த ஊசியே காதைப் பறிக்கும். தாய்வழியில் யாருக்காவது ஊசி போட்ட பிறகு செவி போயிற்றா என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

சிறுநீர் அடங்காமை, கடும் மலச்சிக்கல், தாம்பத்தியத்தில் நாட்டமின்மை ஆகியவற்றை இந்தப் பெண்கள் தாமாகச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. குடல் அசைவு நின்றுபோய் வயிறு உப்பியதைச் சினைப்பைக் கட்டி என்று எண்ணி வயிற்றைத் திறக்கும் அபாயமும் உண்டு. எந்த அறுவைக்கும் இவர்களை நெடுநேரம் பட்டினி போடாதீர்கள். குளுக்கோஸ் ஓடட்டும், ரிங்கர் லாக்டேட்டைத் தவிருங்கள்.

நோய் தாய்வழி என்று நாம் மரத்தை வரைந்து விளக்கும் அறையில் மாமியாரும் கணவனும் உட்கார்ந்திருக்கிறார்கள். “அவ பக்கத்துலேருந்துதான் வந்துச்சா?” என்ற கேள்வி அங்கேயே எழும். ஆகவே அந்தப் பெண்ணிடம் முதலில் தனியாகப் பேசுங்கள். யாரை உள்ளே அழைப்பது என்பதை அவள் சொல்லட்டும்.

நிறைவாக ஒரு வேலைத்திட்டம். சாயா என்ற கருத்தடை மாத்திரை லக்னோவில் கண்டுபிடிக்கப்பட்டு இந்தியாவில்தான் பெருவாரியாகப் பயன்படுகிறது. உதிரப்போக்குக்கும் அதைக் கொடுக்கிறோம். மைட்டோகாண்ட்ரியா நோயுள்ள பெண்ணுக்கு அது எப்படி ஒத்துப்போகிறது என்பதை நியூகாசலிலோ பொலோனியாவிலோ இருப்பவர்கள் ஆராய்ந்து தரமாட்டார்கள். நம் நோயாளிகளின் பதிவேட்டில் பூப்பெய்திய வயது, சுழற்சி, உதிரப்போக்கு, கருத்தடை, ஹார்மோன் மருந்து, மாதவிலக்கு நின்ற வயது ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் வேண்டும். நரம்பியல் வெளிநோயாளிப் பிரிவிலும் அவற்றை நிரப்ப வேண்டும். படிவத்தின் வரைவு உங்கள் கோப்புகளில் இருக்கிறது. நாளை மாலைக்குள் திருத்திக் கொடுத்துவிடுங்கள்.

மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன். முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்.