கடலை அளப்பவர் யார்?

(மாணவர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



கடல் சூழ்ந்த மண்ணில் வாழும் நாம் கடலைப் பாடுகின்றோம், கடலால் உண்கின்றோம், கடலின் பெயரால் உரிமையும் கேட்கின்றோம். ஆயின் அக்கடலின் அடியில் இருப்பது யாது, அது நேற்று எவ்வாறிருந்தது, இன்று எவ்வாறிருக்கின்றது என்று அளந்து சொல்லத்தக்கார் எத்தனை பேரை நாம் உருவாக்கியிருக்கின்றோம்? முருகைக்கற் பாறைகளை ஆராய முன்வரும் பட்டப்பின் மாணவரை நாம் எவ்வாறு பேணுகின்றோம் என்பதில் இக்கேள்விக்கான விடை அடங்கியிருக்கின்றது.

முருகைக்கல் என்றதும் நம்மவர்க்கு நெடுந்தீவின் மதில்கள் நினைவுக்கு வரும். சுண்ணாம்புச் சூளைகள் நினைவுக்கு வரும். உண்மையில் அது உயிர் கட்டிய மாளிகை. மிகச் சிறிய உயிர்கள் கோடிக்கணக்கிற் கூடிச் சுண்ணாம்பைச் சுரந்து அதனை எழுப்புகின்றன. அவற்றின் உடலினுள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஞாயிற்றொளியால் உணவு ஆக்கிக் கொடுக்கின்றன. கோடைக்கால உச்ச வெப்பத்திலும் ஒரு பாகையளவு மிகுந்து சில வாரங்கள் நீர் சூடாயிருந்தாலே அப்பாசிகள் நீங்கிவிடும்; முருகை வெளிறும்; சூடு தணியாவிடின் மடியும்.

1998இல் அவ்வெப்பம் இலங்கைக் கடலைத் தாக்கியது. ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலும் ஆழங்குறைந்த இடத்து முருகைகள் பெரிதும் அழிந்தன. திருகோணமலையின் புறாத்தீவோ அவ்வாண்டு தப்பியது. 2004இல் கடற்கோள் வந்தபோது, முருகைக்கல் அகழப்பட்டிருந்த பெரேலியாக் கரையில் கடல் நெடுந்தூரம் உட்புகுந்தது. பாறை காவல் நின்ற ஹிக்கடுவையில் அழிவு குறைந்தது. ஒன்று ஏன் அழிந்தது? மற்றொன்று ஏன் பிழைத்தது? இவற்றுக்கு விடை மேடைப் பேச்சாற் கிடைப்பதன்று. ஆண்டுதோறும் ஒரே இடத்தில் மூழ்கி, ஒரே முறையில் எண்ணிக் குறித்து வருவோரே அவ்விடையைத் தர வல்லார்.

நம் வடகடலை எண்ணியவர் யார்? 1902இல் பேராசிரியர் ஹேர்ட்மன் முத்துப் படுக்கைகளை ஆராய மன்னார்க் குடாவுக்கு வந்தார். அவருடைய அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக இலண்டனில் வெளியாயிற்று. முத்தில் வருவாய் இருந்தது. ஆகவே ஆய்வுக்கும் பணம் இருந்தது! பின்னர், உலக முருகைக்கல் அறிஞரின் முதலாவது சர்வதேசக் கருத்தரங்கு 1969இல் நடந்த இடம் எது? நம் எதிர்க்கரையிலுள்ள மண்டபம்! அதற்கு முன்பே கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அங்கே இயங்கி வந்தது. கோபிநாத பிள்ளை போன்றோர் மன்னார்க் குடாவினதும் பாக்கு நீரிணையினதும் முருகை இனங்களை வகைப்படுத்தினர். நிலையம் இருந்தது, அதனால் அறிஞர் வளர்ந்தனர்.

இக்கரையிலோ 1983 முதல் 2009 வரை போர். கடலில் இறங்கவே தடையிருந்த காலத்தில் முருகையை எண்ணுவார் யார்? 2021இல் வெளியான ஆய்வொன்று, இலங்கையில் இருப்பதாக அதற்கு முன் அறியப்படாத 36 முருகை இனங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சூழ்ந்த கடலில் உள்ளன என்று மரபணுச் சான்றுடன் நிறுவியது. அவ்வினங்கள் அங்கே நெடுங்காலம் வாழ்ந்தன. அவற்றை நோக்கும் கண்களே அதுவரை அங்கே இல்லை.

இளைஞர் கையில் இப்பணியை ஒப்படைக்கலாமா என்று ஐயுறுவோர் அவுஸ்திரேலியாவைப் பார்க்கட்டும். 1928இல் அந்நாட்டின் பெருந்தடுப்புப் பாறையிலுள்ள லோ தீவுகளுக்கு ஓர் ஆராய்ச்சிக் குழு சென்றது. அதன் தலைவர் மோரிஸ் யங்குக்கு அப்போது வயது 28. சிட்னி மான்ரன், ஷீனா மார்ஷல் முதலிய பெண் அறிவியலாளரும் அக்குழுவிற் பணிபுரிந்தனர். ஓராண்டுக்கு மேல் அங்கே தங்கிப் பாறையை அளந்து படம் வரைந்தனர். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின், அதே இடத்தை மீண்டும் ஆராய்ந்தவர்கள் அக்குறிப்புக்களோடு ஒப்பிட்டே பாறையின் நலிவை 2019இல் உலகுக்குக் காட்டினர். இளைஞர் அன்று எழுதிய கணக்கே பிற்காலத்துக்குச் சாட்சியாயிற்று.

அத்தகைய சாட்சிகளை நாமும் உருவாக்க வேண்டுமாயின் மாணவர்க்கு நான்கு வேண்டும்.

முதலாவது, வயிற்றுக்குச் சோறு. முதுமாணிப் பட்டத்துக்கும் கலாநிதிப் பட்டத்துக்கும் ஆண்டுகள் பல செல்லும். அவ்வளவு காலமும் வீட்டின் சுமையைத் தோளிற் சுமந்துகொண்டு ஒருவர் கடலின் அடியை நோக்க இயலாது. உதவிப்பணம் மாதந்தவறாது கைக்கு வருதல் வேண்டும்.

இரண்டாவது, கடலுக்குச் செல்லும் வழி. வள்ளம் வேண்டும், எரிபொருள் வேண்டும், மூழ்கும் கருவிகள் வேண்டும், அவற்றைக் கையாளும் முறையான பயிற்சி வேண்டும். தனியே எவரும் மூழ்கலாகாது. மேலே வள்ளத்தில் ஒருவர் காத்திருக்க வேண்டும். ஒட்சிசன் ஆயத்தமாயிருக்க வேண்டும். பணமில்லை என்று காவலைக் குறைப்பது மாணவரின் உயிரோடு விளையாடுவதாகும். பெண்பிள்ளை கடலில் இறங்குவதா என்று முணுமுணுக்கும் வாய்களும் அடங்க வேண்டும்.

மூன்றாவது, கைப்பிடித்துக் கற்பிக்கும் ஆசான். ஓரினத்தை மற்றோரினத்திலிருந்து பிரித்தறிவது நூலை மட்டும் படித்து வருவதன்று. கண்ணாடியின் கீழ் முருகையின் நுண்குழிகளை அறிந்தவரோடிருந்து பார்த்துப் பழக வேண்டும். காங்கேசன்துறையாயினும் காலியாயினும் தூத்துக்குடியாயினும் அறிந்தவர் இருக்குமிடத்துக்கு மாணவரை அனுப்ப வேண்டும். எந்தப் பார் எங்கே கிடக்கின்றது என்று அறிந்த நம் கடற்றொழிலாளரும் ஆசான்களே.

நான்காவது, படித்து முடித்தபின் ஒரு பதவி. பத்தாண்டு பாடுபட்டுப் பயிற்றிய ஒருவரை வேலையின்றி விட்டால் அவர் கடல் கடந்து போவார். அவரோடு அவர் கணக்கும் போகும். அடுத்த மாணவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார்.

வயிற்றுப்பாடே பெரும்பாடாயிருக்க முருகைக்கல்லுக்குப் பணமா என்று கேட்போர் உளர். 2021இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் எரிந்து மூழ்கிற்று. பிளாத்திக்குக் குறுணிகள் கரையெங்கும் ஒதுங்கின. இத்தகைய கேடு நாளை வடகடலில் நேர்ந்து நாம் இழப்பீடு கேட்டால், முன்பு என்ன இருந்தது என்று கேட்பார்கள். கணக்கில்லாதவன் என்ன விடை சொல்வான்? மீன் பெருகும் இடமும் அலையைத் தடுக்கும் அரணும் அழிந்தபின் முதலிற் பசித்திருப்பது கடற்றொழிலாளர் குடும்பமன்றோ?

ஆகவே அரசு இதற்கென ஆண்டுதோறும் தவறாத ஒதுக்கீடு செய்ய வேண்டுமென்று கேட்போம். பல்கலைக்கழகங்கள் பதவிகளைத் தோற்றுவிக்க வேண்டுமென்று கேட்போம். கோயிலுக்கும் விழாவுக்கும் வாரி வழங்கும் புலம்பெயர்ந்த உறவுகளிடம், ஒரு மாணவரின் மூன்றாண்டுச் செலவை ஏற்குமாறு கேட்போம். மாணவர்களே! உங்களிடமும் ஒன்று கேட்கின்றோம்: நீங்கள் கண்டதை ஆங்கில ஏட்டில் எழுதுவதோடு நில்லாது, கரையிலுள்ளவர் படிக்கத் தமிழிலும் எழுதுங்கள். அவர்களுடைய கடலின் கணக்கு அவர்கள் கைக்கும் வரட்டும்.